ஈரவலயத்தில் பேரீச்சை

“விலைமதிக்க முடியாத அரிய நூல். வெளியே கொடுக்கக்கூடாது” என்று பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதியிருந்தது. அடுத்த கட்டத்தில் விலையும் இருந்தது: பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம்.

நூலின் பெயர் ‘ஈரவலயத்தில் பேரீச்சை வளர்ப்பு’: மழை கொட்டும் பக்கத்தில் பாலைவனத்து மரம். நான்கு நாட்களாக உஷாந்தி அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கொட்டாஞ்சேனையில் பலகை விற்கும் ஒரு மரக்காலைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கும் பொது நூலகம் அது. அங்கே புதுப் புத்தகம் வந்து கன காலம். பதிவேட்டில் நாலாயிரம் புத்தகங்கள் இருந்தன. அலுமாரிகளில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. உஷாந்தி மூன்று முறை எண்ணினாள். மூன்றாவது தடவை கூடுதலாகக் கிடைத்தவை இரண்டு பல்லி முட்டைகள். அவை பதிவில் இல்லை.

வெள்ளிக்கிழமை வருடாந்தக் கணக்கெடுப்பு. உஷாந்தி ஆறு வருடம் தற்காலிக உதவியாளராக இருந்து, பழைய நூலகர் வேலையிலிருந்து இளைப்பாறியதும் இந்த வருடம்தான் பொறுப்பேற்றவள். பழையவர் பதிவேட்டைத் திறந்ததில்லை. அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைப்பார். கணக்குச் சரி வந்தால் அவளுக்கு நிரந்தர நியமனம். கடிதம் அச்சாகி, மேலிடத்தில் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. சரி வராவிட்டால் வெள்ளவத்தையில் மாமாவின் சாறிக்கடை. “இன்னும் இறக்கிக் காட்டட்டோ அக்கா” என்று காலை முதல் மாலை வரை கேட்கவேண்டும். அந்தக் கடையில் வேலைக்கு நிற்பவர்களுக்கு உட்காரக் கதிரை கிடையாது.

“எவனாவது சுட்டிருப்பான் மிஸ்,” என்றார் நூலகப் பியோன் செபஸ்தியன். “கதவுல ஒரு நோட்டிஸ் ஒட்டுவோம். மன்னிச்சிட்டோம்னு போட்டா தானா வரும்.”

ஒட்டினார்கள். ‘ஈரவலயத்தில் பேரீச்சை வளர்ப்பு என்ற அரிய நூலை வைத்திருப்பவர் திருப்பித் தரவும். தண்டம் இல்லை. கேள்வியும் இல்லை.’

அதுவரை அந்த நூலகத்துக்குச் சனம் வராமல் இல்லை. காலையில் பத்திரிகையின் மரண அறிவித்தல் பார்க்க வருவார்கள். அதே பத்திரிகையை மறுபக்கம் திருப்பி மணமகன் தேவை பார்க்க இன்னொரு கூட்டம் வரும். மத்தியானம் மின்விசிறிக்காக வருவார்கள். பின்னேரம் பிள்ளைகளை ரியூசனில் விட்ட தாய்மார் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு இருப்பார்கள். புத்தகங்களைத் தொந்தரவு செய்தவை கறையான்கள் மாத்திரம்.

ஆனால் இந்த ஊரில் ஒரு சாமான் இல்லை என்று எழுதி ஒட்டினால் போதும். என்ன சாமான் என்று கேட்க முன்னரே வரிசை வந்துவிடும்.

“அந்தப் பேரீச்சம்பழப் புத்தகம் வந்தா எனக்கு ஒருக்கா எடுத்து வைங்கோ” என்று முதல் ஆள் கேட்டபோது உஷாந்தி ஒரு தாளில் பெயரை எழுதினாள். அது அவள் செய்த பிழை. மறுநாள் தாளில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. மாடிவீட்டு மனிதர் ஒருவர் பெயின்ற் வாளிக்குள் மண் போட்டு, மூன்று பேரீச்சங்கொட்டைகளை நட்டும்விட்டார். அடுத்து என்ன செய்வது என்று காலையும் மாலையும் வந்து கேட்டார்.

இதைவிடக் கரைச்சல், அந்தப் புத்தகத்தை ஏற்கெனவே வாசித்தவர்கள்.

“நல்ல புத்தகம் கண்டீரோ,” என்றார் இளைப்பாறிய ஆசிரியை சரோஜினிதேவி. “நான் ரெண்டு தரம் வாசிச்சனான். நீல மட்டை.”

“பச்சை, டீச்சர்,” என்றார் செபஸ்தியன். அவர் ஒரு புத்தகத்தையும் திறந்து பார்த்தவரில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம் நூலகத்தில் நின்றவருக்கு ஒரு மட்டையின் நிறம் தெரியாது என்றால் ஊர் என்ன சொல்லும்?

“நீலம்.”

“தூசி தட்டினவன் நான் டீச்சர். பச்சை.”

“தூசி தட்டினவருக்குத் தூசியின்ர நிறம்தான் தெரியும்.”

வரிசையில் நின்றவர்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள்.

புதன்கிழமை உஷாந்தி தெருவைக் கடந்து மஜீட் நானாவின் கடைக்குப் போனாள். பழைய புத்தகம், பழைய பத்திரிகை, பழைய போத்தல் எல்லாம் நிறுவையில் வாங்கி எண்ணிக்கையில் விற்பவர் அவர்.

“நானா, உங்கட புத்தகங்களுக்குள்ள அது இருக்குமோ?”

“ஈக்கும் புள்ள. எங்கட வாப்பா அதப் பாத்துத்தானே மரம் வெச்ச.”

“காய்ச்சதோ?”

“எங்க. மௌத்தாகிட்டு.”

“செத்தது மரமோ, வாப்பாவோ?”

“ரெண்டும். எட்டாயிரம் தாங்க.”

“எட்டாயிரமோ? மெல்லிசுப் புத்தகம் நானா.”

“அரிய நூல்னு கதவுல ஒட்டினது நீங்க. நானா ஒட்டின?”

வாங்க வந்தவளே சாமானைப் புகழ்ந்து கதவில் ஒட்டிவிட்டு வந்தால் அங்கே பேரம் என்று ஒன்று மிஞ்சுமா? ஆனாலும் உஷாந்தி இரண்டு தடவை படியிறங்கினாள். மஜீட் நானா இரண்டு தடவை கூப்பிட்டார். மூவாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது.

வியாழன் காலை புத்தகம் வந்தது. மஞ்சள் மட்டை. தாள்கள் பழுப்பு நிறம். பிளேன்டீயில் தோய்த்த பழுப்பு. ஏழாம் பக்கத்தில் ஒரு தேயிலைத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. உஷாந்தி விரலால் தடவிப் பார்த்தாள். விரல் கறுத்தது.

“நானா, மை காயேல்ல.”

“ஈரவலயம்தானே புள்ள,” என்றுவிட்டு அவர் ஒரு கிலோ பத்திரிகையை நிறுக்கத் தொடங்கினார்.

கிராண்ட்பாஸில் கல்யாணக் கார்டும் நினைவுமலரும் அடிக்கும் கிளின்ரனின் அச்சகத்து வேலை அது என்று திறந்ததும் தெரிந்தது. அவசரத்தில் எழுதுவதற்கு விஷயம் முடிந்துபோக, கையில் மிஞ்சியிருந்த நினைவுமலர் ஒன்றை நடுவில் வைத்துத் தைத்திருந்தான். ‘குழி இரண்டடி ஆழம் இருத்தல் நன்று’ என்ற வரிக்கு எதிர்ப் பக்கத்தில், கோட் அணிந்த அமரர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அன்னாரின் பிரிவால் துயருறும் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்.

உஷாந்தி கண்ணை மூடிக்கொண்டு நூலக முத்திரையைக் குத்தினாள். அலுமாரியில் வைத்தாள். நாலாயிரம். அந்த வாரத்தில் முதல்முறையாக மீன் வைத்த மாலுபாண் ஒன்றை ஆறுதலாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

பாதி மாலுபாணில் சரோஜினிதேவி வந்தார். கையில் ஒரு பார்சல்.

“என்ர அலுமாரிக்குள்ள கிடந்தது, உஷாந்தி. நான் மறந்தே போனன். பாரும், நீலம்.”

உஷாந்தி நடுப்பக்கத்தைத் திறந்தாள். கோட் அணிந்த அமரர் சிரித்தார்.

“டீச்சர், தயவுசெய்து இதை வீட்ட கொண்டுபோங்கோ.”

“நூலகப் புத்தகத்தை வீட்டில வைச்சிருக்கிற ஆளெண்டோ என்னை நினைச்சீர்?” என்றுவிட்டு, முகம் சிவந்து போய்விட்டார்.

பின்னேரம் செபஸ்தியன் தலையெல்லாம் ஒட்டறையோடு வந்து நின்றார். ஒட்டறைகூடப் புதிதாகப் பூசியதுபோல் இருந்தது.

“அலமாரிக்குப் பின்னால விழுந்து கெடந்திச்சு மிஸ். நான் சொன்னேன்ல, பச்சை.”

அமரர் மூன்றாவது முறையும் சிரித்தார்.

உஷாந்தி அச்சகத்துக்குப் போன் எடுத்தாள். “கிளின்ரன் தம்பி, மொத்தம் எத்தனை அடிச்சனீர்?”

“மூணுதான் அக்கா. ஒவ்வொருத்தரும் ஒரு கலர் கேட்டாங்க, உள்ளுக்கும் ஒவ்வொரு மாதிரி எழுதினேன். நாளைக்கு இன்னொரு ஓடர் ஈக்குன்னு மஜீட் நானா சொன்னாரு. சிவப்பு.”

“சிவப்பு அடிச்சால் நான் பொலிசுக்குப் போவன்.”

“அப்ப ஊதா?”

குறைந்தால் பிரச்சினை சின்னது என்பது உஷாந்திக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு புத்தகம் குறைந்தால் நூலகர் கவனயீனம் என்று எழுதுவார்கள். இரண்டு கூடினால் விசாரணை: எங்கிருந்து வந்தது, எந்த நூலகத்தில் எடுத்தது, முத்திரை குத்தியது யார்? மஜீட் நானாவிடம் ஓடினாள். விற்ற சாமானைத் திருப்பி எடுத்து அவர் வம்சத்தில் ஒருவருக்கும் பழக்கமில்லை. செபஸ்தியனிடம் கெஞ்சினாள். “என் கையாலயே தூக்கிப் போடச் சொல்றீங்களா மிஸ்” என்று அவர் கண்ணைத் துடைத்தபோது ஒட்டறை முகமெங்கும் பரவியது. மூன்றையும் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினாள். ஆனால் மூன்று இருக்கிறது என்ற செய்தியைச் செபஸ்தியன் ஏற்கெனவே வரிசைக்குச் சொல்லிவிட்டார்.

வெள்ளி காலை கதவு திறந்ததும் நாற்பத்தொரு பேரும் உள்ளே வந்தார்கள். ஒருவர்கூடப் பத்திரிகையைத் தொடவில்லை. “வாசிக்கத்தானே நூலகம்” என்று பெயின்ற் வாளிக்காரர் கேட்டபோது உஷாந்தி லாச்சியைத் திறந்தாள். ஒரு மணித்தியாலம் மட்டும் என்று மூன்றையும் எடுத்துக் கொடுத்தாள். வாசிப்பு மண்டபத்தில் மூன்று கட்சி உருவாக அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. வேருக்கு உப்புப் போடவேண்டும் என்றது மஞ்சள். உப்புப் போட்டால் மரம் பட்டுவிடும் என்றது நீலம். மீன் கழுவிய தண்ணீர் மாத்திரம் என்றது பச்சை.

அந்தச் சத்தத்துக்குள் கணக்கெடுப்பு அதிகாரி நாகேந்திரம் வந்து சேர்ந்தார். முப்பது வருடத்துக்கு மேல் இதே வேலை. அடுத்த மாதம் இளைப்பாறுகிறார். வத்தளையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் இருந்தது. உட்கார்ந்து, உஷாந்தி ஒவ்வொரு புத்தகமாகக் காட்டக் காட்ட, பதிவேட்டில் சரி போட்டுக்கொண்டு போனார்.

பதிவேட்டில் பேரீச்சையின் வரி வந்தது. மூன்று புத்தகமும் வாசிப்பு மண்டபத்தில்; உஷாந்தியின் கையில் காட்ட ஒன்றும் இல்லை.

நாகேந்திரம் தலை நிமிரவில்லை. சரி போட்டார். அடுத்த வரிக்குப் போனார்.

இப்படி ஒரு சோம்பேறி அதிகாரியைத் தந்ததற்காக உஷாந்தி மனதுக்குள் கொச்சிக்கடைத் தேவாலயத்துக்கு ஒரு மெழுகுதிரியும் பம்பலப்பிட்டிக் கோயிலுக்கு ஒரு தேங்காயும் நேர்ந்துகொண்டாள். எந்தக் கடவுளின் வேலை என்று தெரியாததால் இரண்டு இடத்திலும் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சரோஜினிதேவி மூன்று புத்தகங்களையும் கொண்டுவந்து அதிகாரியின் மேசையில் போட்டார். பின்னால் மூன்று கட்சிகளும் நின்றன.

“ஐயா, படிச்ச மனிசனாத் தெரியுறியள். இதில எது உண்மையான புத்தகம் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. உப்போ, மீன் தண்ணியோ?”

நாகேந்திரம் மேலே இருந்த மட்டையைப் பார்த்தார். பெயரை எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாக வாசித்தார். அடுத்ததைப் பார்த்தார். மூன்றாவதைத் திறந்தார். கோட் அணிந்த அமரரைக் கண்டதும் அவர் கையிலிருந்த பேனை நழுவிக் கீழே விழுந்தது.

“எல்லாரும் ஒருக்கா வெளியில நில்லுங்கோ,” என்றார். தானே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

உஷாந்தியின் கண்முன் மாமாவின் கடைச் சாறிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. “ஐயா, கூடின ரெண்டும் என்ர பிழை. சனத்தில பிழையில்லை. என்னை எண்டாலும் வேலையில இருந்து நிப்பாட்டுங்கோ, அந்தச் செபஸ்தியன் அண்ணையை...”

நாகேந்திரம் நீலத்தையும் பச்சையையும் தன் பைக்குள் வைத்து இழுத்துப் பூட்டினார். மஞ்சளை இரண்டு கையாலும் தூக்கி அலுமாரியில் வைத்தார். பிறகு அவள் பக்கம் குனிந்து, வெளியில் கேட்காத குரலில் சொன்னார்:

“பிள்ளை, நாலாயிரம் புத்தகம் இருந்தாத்தான் ஒரு நூலகத்துக்கு நிரந்தர நூலகர் பதவி. தொண்ணூற்றொண்டில நான் இங்க கிளார்க்கா இருக்கேக்க ஒண்டு குறைஞ்சுது எண்டு, இல்லாத ஒரு புத்தகத்துக்கு இந்தப் பேரை நான்தான் யோசிச்சு எழுதினனான். பதிவேட்டில நாலாயிரம், அலுமாரியில நாலாயிரம் எண்டு முப்பத்துநாலு வருசமாப் பொய்யாச் சரி போட்ட கணக்கு, இண்டைக்குத்தான் உண்மையிலயே சரி.”