மணிமொழியைக் கூட்டிவர முடியாததற்கான விளக்கம்

அன்பு மச்சான் இளவரசனுக்கு,

அந்தமான் ஹேவ்லாக் தீவிலிருந்து உன் மாமா கொளஞ்சியப்பன் எழுதுவது. நானும் உன் அக்கா பாப்பாத்தியும் இங்கே சுகம். திருநாவலூரில் நீயும் உன் வீட்டாரும் கன்று போட்ட பசுவும் சுகமாயிருக்க ஈசன் துணையிருக்கட்டும். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

நீ என்னை அனுப்பிய காரியத்தை நான் மறக்கவில்லை. கள்ளக்குறிச்சி மாப்பிள்ளை சிவசங்கரின் பயோடேட்டாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வேலையை விட்டுட்டு வா, வைகாசியில கல்யாணம்" என்று என் மகள் மணிமொழியிடம் கண்டிப்பாகச் சொல்லி, கையோடு கூட்டிவர வேண்டும். அவளுக்குக் கப்பல் ஆபீசில் வேலை என்று மூன்று வருஷமாக ஊரில் நான் சொல்லி வருவதும் உனக்குத் தெரியும். வயசுப்பெண் ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கி, வருகிறவர்களுக்கு முங்கக் கற்றுத் தருகிறாள் என்று மணலூர்பேட்டை டீக்கடையில் எப்படிச் சொல்வது?

கண்டிப்பாகப் பேச வேண்டும் என்று படகில் இரண்டு மணி நேரம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். படகு ஆடிய ஆட்டத்தில் ஒத்திகை பார்த்ததெல்லாம் காலையில் தின்ற இட்லியோடு வெளியே வந்துவிட்டது. கரையில் இறங்கியதும் அவள்தான் என்னைத் தாங்கிப் பிடித்தாள். அந்த நிலைமையில் என்ன கண்டிப்பு காட்டுவது? மறுநாள் விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபப்படவே இல்லை. "ஒரே ஒரு வாட்டி என்கூட உள்ள வாப்பா. அப்புறமா நீ இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்" என்றாள். காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தபோது மோட்டாரைத் தூக்கிக் கரை சேர்த்தவன், கல்வராயன் மலை அருவிக்கு அடியில் அசையாமல் நின்றவன், எனக்கென்ன பயம்? உடுப்புதான் பயமுறுத்தியது. கரும்பு லாரியில் கடைசிக் கட்டைத் திணிப்பதுபோல இரண்டு பேர் முட்டுக்கொடுத்து என்னை அதற்குள் ஏற்றினார்கள். உன் அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து சிரித்தாள். தண்ணீருக்குள் பேச முடியாது, கைச்சாடைதான் என்று மணிமொழி ஒவ்வொன்றாகச் சொன்னாள். விவசாய ஆபீசர் சொல்வதைக் கேட்பதுபோல நானும் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். உள்ளே போனால், அடடா, மஞ்சளும் நீலமுமாக மீன்கள் கூட்டம் கூட்டமாகப் போகின்றன, பாறையெல்லாம் பூத்துக் கிடக்கிறது. பிரமாதம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் உடனே என்னை மேலே கொண்டுவந்துவிட்டாள். திரும்ப இறங்கினோம். ஆமை ஒன்று போனது. மறுபடி கட்டைவிரல். மறுபடி மேலே. மூன்றாவது தடவை எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"இன்னாம்மா, பாத்துக்கினு இருக்கசொல்லவே இஸ்துக்கினு வர்ற?"

"நீதானப்பா கட்டவெரலக் காட்ற! அப்படிக் காட்னா மேல போவணும்னு அர்த்தம்."

"நல்லா கீதுன்னு காட்னேம்மா!"

மூன்று தடவையும் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் கூட்டிப் போனவள் அவள். இத்தனை பொறுமை நம் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லை.

அப்படியும் நான் மனம் மாறியிருக்க மாட்டேன் மச்சான். மறுநாள் காலையில் நடந்ததைக் கேள். நாக்பூரிலிருந்து வந்த ஒருத்தர் மிதந்துகொண்டே மீன் பார்த்தவர், நீரோட்டம் இழுத்துக்கொண்டு போக, கையைத் தூக்கித் தூக்கி முங்கினார். அவர் பெண்சாதி கரையில் அலறுகிறாள். ஆம்பிளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மணிமொழி ஒரு சிவப்பு மிதவையை எடுத்துக்கொண்டு ஓடினாள், பாய்ந்தாள், அவ்வளவுதான் தெரிந்தது. நான் வேட்டியோடு மார்பளவு தண்ணீரில் நின்று கத்துகிறேன். அந்த மனுஷனை மிதவையில் சாய்த்து, அலைக்குக் குறுக்கே இழுத்து வந்து மணலில் புரட்டிப் போட்டாள். அவர் இருமித் தண்ணீரைக் கக்கிக் கண் திறந்தார். அந்த அம்மா மணிமொழியைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரோ என்னிடம் இந்தியில் ஏதோ கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும்? நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என் பொண்ணு! மணலூர்பேட்ட! என் பொண்ணு!" என்று கரையில் இருந்த அத்தனை பேரிடமும் போய்ப் போய்ச் சொன்னேன். இந்த வயசில் இப்படி அழுததை நீ யாரிடமும் சொல்லாதே. மற்றதையெல்லாம் எல்லோரிடமும் சொல், டீக்கடையில் முதலில் சொல்.

சட்டைப்பையில் இருந்த பயோடேட்டா நனைந்து, மாப்பிள்ளையின் மீசை மட்டும்தான் மிச்சம். சிவசங்கர் நல்ல பையனாகத்தான் இருப்பான். ஆனால் இவளை வேலையை விட்டு வீட்டில் உட்காரச் சொல்ல எனக்கு வாய் வராது. பெண் வரவில்லை, நாங்கள் இரண்டு பேர் மட்டும் மாதக் கடைசியில் வருகிறோம் என்று அவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. தாய்மாமன் நீ கோபித்துக்கொள்ளாமல் அவளை வாழ்த்து. பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் மாமா,
கொளஞ்சியப்பன்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டில் நீ எதுவும் சொல்ல வேண்டாம். மணிமொழிக்கு இருபது நாள் லீவு கிடைத்துவிட்டது. என்னோடு வருகிறாள், அவளே நேரில் பேசிக்கொள்வாளாம். வராதது உன் அக்காதான். நான் இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் கடலுக்குள் போய்வந்து, முங்கக் கற்றுத்தரும் முழு வகுப்புக்கும் பெயர் கொடுத்துவிட்டாள். சின்ன வயசில் நீயும் அவளும் கிணற்றில் குதித்து நீந்தியதை இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லையே! கேட்டால், "நீ முன்ன போயி மாட்டப் பாருய்யா, நான் பாஸ் பண்ணிட்டு வரேன்" என்கிறாள். எனக்கும் மணிமொழிக்கும் சோறு வடிக்கத் தெரியாது. உன் வீட்டில் இரண்டு தட்டு சேர்த்து வை.