யானைக்குள் ஒரு கோடு

ஒரு காட்டில் அக்குபங்சர் பார்க்கும் முள்ளம்பன்றி ஒருத்தி இருந்தாள். பெயர் செண்பகவடிவு. ஊசிக்காக அவள் எங்கும் அலைய வேண்டியதில்லை. தன் முதுகிலிருந்தே பிடுங்கிக்கொள்வாள்.

அங்கே கொம்பையா என்ற யானை பள்ளத்தில் விழுந்து, பின்னங்கால் மடங்காமல் மூன்று மாதமாக நொண்டிக்கொண்டிருந்தார். பச்சிலை, ஒத்தடம், எதற்கும் வலி அசையவில்லை. செண்பகவடிவு அவர் காதில் ஏழு முள் குத்தினாள். நாலாம் நாள் வலி பாதியாகக் குறைந்தது. சந்தோஷத்தில் கொம்பையா அவளைத் தும்பிக்கையால் தூக்கிக் கொஞ்சினார். பிறகு தும்பிக்கைக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டார்.

சேதி பரவியது. வரிசை நீண்டது. மீதி வலிக்காகக் கொம்பையாவும் அதில் இருந்தார். சுகாதார ஆய்வாளர் மாடத்தி என்ற கரடி, கையில் ஒரு படிவத்தோடு வந்து நின்றார்.

"வலி கால்ல. காதுல ஏம்மா குத்துறே?"

"ரெண்டுக்கும் நடுவுல உள்ளுக்குள்ளே ஒரு கோடு போகுது மேடம். சக்தி அது வழியாத்தான் ஓடும்."

"எங்கே ஓடுது? படிவத்துல கேட்டிருக்கு பாரு. கோடு ஆரம்பிக்கிற இடம், முடியிற இடம், நீளம், அகலம், போட்டோ ரெண்டு. இல்லேன்னா இன்னைக்கே வைத்தியசாலைக்குச் சீல் வச்சுடுவேன்."

செண்பகவடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குக் குத்தத் தெரியும். கோட்டை அவளும் பார்த்ததில்லை.

மாடத்தி உடற்கூறு நிபுணரை வரவழைத்தார். வந்தவர் பேராசிரியர் திருமேனி, பிணந்தின்னிக் கழுகு. காட்டில் எல்லோருடைய உள்பக்கத்தையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"நாப்பது வருஷமா உள்ளே போய்ப் பாக்கிறேன்" என்றார் அவர். "நரம்பு இருக்கு, ரத்தக்குழாய் இருக்கு, ஈரல் பிரமாதமா இருக்கு. கோடுன்னு ஒண்ணு இல்லவே இல்லை."

"தசைக்கும் தசைக்கும் நடுவுல வெள்ளையா ஒரு சவ்வு இருக்குமே ஐயா? தலையிலேருந்து கால் வரைக்கும் விடாம போகுமே? அதுவா இருக்கலாம்னு சிலர் சொல்றாங்க" என்றாள் செண்பகவடிவு.

"அதுவா? ருசி இருக்காது. துப்பிடுவேன்."

"துப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்திருக்கலாமே!"

பேராசிரியர் சிறகைக் கோதிக்கொண்டார். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? பாத்துட்டாப் போச்சு. கொம்பையா, இப்படிச் சாய்ஞ்சு படுங்க. காதுலேருந்து கால் வரைக்கும் ஒரே கீறல்தான்."

கொம்பையா அந்த அலகை ஒருமுறை பார்த்தார். ஓடினார். நொண்டிய கால் உட்பட நாலு காலாலும் ஓடினார். மூங்கில் புதர் போயிற்று. கறையான் புற்று போயிற்று. மனுநாள் முகாமுக்குப் போட்டிருந்த பந்தல், உள்ளே இருந்த நாற்காலிகளோடு போயிற்று. ஆற்றைக் கடந்து அக்கரையில்தான் நின்றார்.

"டாக்டரம்மா!" அங்கிருந்து குரல் வந்தது. "வலி சுத்தமா இல்லை!"

வைத்தியசாலை வாசலிலிருந்து ஆறு வரை காடு நேராகப் பிளந்து கிடந்தது. மாடத்தி அதையே சற்று நேரம் பார்த்தார். பேனாவைத் திறந்தார். "ஆரம்பம்: வைத்தியசாலை வாசல். முடிவு: அக்கரை. நீளம்: ஒன்றரை மைல். அகலம்: ஒரு யானை."

"மேடம், நான் சொன்ன கோடு இது இல்லையே" என்றாள் செண்பகவடிவு, மனசு கேட்காமல்.

"சக்தி இது வழியா ஓடிச்சா இல்லையா?"

"ஓடிச்சு."

"அப்புறம் என்ன? போட்டோ எடுத்துக் குடு."

அனுமதி கிடைத்தது.

பேராசிரியர் சும்மா இருப்பாரா? மறுவாரமே எதிரில் ஒரு பலகை மாட்டினார்: 'இங்கே திறந்து பார்க்கப்படும்.' முதுகுவலி, மூட்டுவலி என்று வருபவர்களிடம், "திறந்துடலாமா?" என்று மட்டும் கேட்பார். அத்தனை பேரும் அங்கேயே குணமாகி ஓடினார்கள். ஒருவர்கூட இரண்டாம் முறை வரவில்லை. அதைப் பெருமையாகப் பலகையிலும் எழுதிக்கொண்டார்.

ஒரு நாள் ஓர் ஆமை வந்தது. "திறந்துடலாமா?" என்றார். "முடிஞ்சாத் திறங்க" என்று ஓட்டுக்குள் போய்விட்டது.

அலகு சுளுக்கிக்கொண்ட பேராசிரியர் எதிர்வாசல் வரிசையில் போய் நின்றார். செண்பகவடிவு அவர் கால் விரலில் முள்ளைக் குத்தினாள். அங்கே எதற்கென்று அவர் கேட்கவில்லை.

நீதி: காரணம் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு, வலி வருவதற்குள் அனுபவித்துக்கொள்ளவும்.