ஊறுகாய் பட்ட ஜாடி

"முள்ளங்கி எங்கேடீ?"

பட்டறையிலிருந்து எழுந்த கத்தலில் கூரைமேல் இருந்த சிட்டுக்குருவிகள் மொத்தமும் பறந்தன.

இசோகிச்சியின் எதிரே செப்புப் பாத்திரத்தில் பச்சைக் கரைசல் தளதளவென்று கொதித்தது. கையில் ஜாடி. செம்பில் துளி தங்கம் சேர்த்து வார்த்தது. வயிற்றில் புடைப்பாகப் பதித்த வெள்ளிக் கொக்கு. துருவிய முள்ளங்கியைப் பூசி உடனே கரைசலில் இறக்கினால் காக்கைச் சிறகுபோலக் கருத்து வெளியே வரும். பூசாவிட்டால் திட்டுத் திட்டாகக் கறைதான்.

மனைவி ஓதகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"துருவி வச்சிருந்ததா? காலைல மீனோட வச்சேனே. நல்லா இருக்குன்னு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னது யாரு?"

இசோகிச்சி தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"மத்தியானம் துரை வர்றார்டீ!"

கோபே துறைமுகத்தில் வியாபாரம் செய்யும் ஹார்ட்டிங் துரையை இசோகிச்சி பார்த்ததே இல்லை. அரசாங்கம் வாளுக்குத் தடை போட்டதும், வாள்பிடிக்கு வேலைப்பாடு செய்த கியோத்தோ கைகளெல்லாம் சும்மா கிடந்தன. இசோகிச்சி சுத்தியலை விற்கக் கிளம்பிய வாரம்தான் துரையின் முதல் ஆர்டர் வந்தது. மூன்று வருடமாக நிற்கவே இல்லை. தினமும் சாப்பிடுமுன் கோபே இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். இன்று அந்தத் துரையே வருகிறார். ஜாடி பிடித்துப்போனால் இன்னும் பன்னிரண்டு ஜாடிக்கு ஆர்டர். இல்லையென்றால் பழையபடி பட்டினி.

ஓதகி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே ஊறுகாய் முள்ளங்கிதான் இருந்தது.

"இதுவும் முள்ளங்கிதானேங்க?"

"கழுவித் துருவு. வேற வழி?"

உப்பு போகவில்லை. பூசிக் கரைசலில் இறக்கி எடுத்தால், ஜாடியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் செங்கறை.

"தேய்ச்சா போயிடும்."

ஜாடியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு கரித்தூளால் தேய்த்தார். கறை போகவில்லை. இறுக்கிய இறுக்கில் முன்பக்கக் கொக்கின் கால் ஒன்று பெயர்ந்து போய்விட்டது! பள்ளத்தை அரக்கால் அடைத்தார்.

"கொக்கு ஒத்தைக் கால்லதானே நிக்கும்?"

"இது நடக்கிற கொக்காச்சே!"

"நீ வாயை மூடு!"

வாசலில் ரிக்‌ஷா நின்றது. இருவரும் பாயில் நெற்றி பட விழுந்தார்கள். சோறு போட்டவர் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதா? தலை நிமிராமலே இரு கையாலும் ஜாடியை நீட்டினார் இசோகிச்சி. கொக்கு துரை பக்கம், கறை தன் பக்கம்.

துரை ஜாடியை வாங்கிக்கொண்டார். பிறகு துரை ஏதோ கேட்டார்.

"கொக்கோட இன்னொரு கால் எங்கேன்னு கேக்கறார்," என்றார் கூட வந்த மொழிபெயர்ப்பாளர் சகுமா.

இசோகிச்சிக்கு வியர்த்தது. நகம் அளவு காலையே கண்டுபிடித்தவர் கறையை விடுவாரா?

"அது தூங்குதுங்க" என்று சொல்ல வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார். மூன்று வருடம் சோறு போட்ட கை அல்லவா அந்த ஜாடியைப் பிடித்திருக்கிறது!

"ஒடைஞ்சிடுச்சுங்க. அது மட்டுமில்ல..." கையை நீட்டி, ஜாடியைத் தானே திருப்பிவிட்டார். "முள்ளங்கியை நான் தின்னுட்டேன். ஊறுகாயை வச்சுப் பூசினேன். எவ்வளவு அசிங்கமா கறை, நீங்களே பாருங்க. உங்களை ஏமாத்தினா எனக்குத் தின்ன சோறு செரிக்காது. இதுக்குக் காசு வேண்டாங்க."

ஓதகி பாயில் முகம் புதைத்து விசும்பினாள்.

சகுமா மொழிபெயர்த்தார். துரை வாய்விட்டுச் சிரித்தார்; பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார்.

"பன்னிரண்டு ஜாடி ஆர்டரும் உங்களுக்குத்தானாம்."

"கறையைப் பார்த்தப்புறமுமா?"

"கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க, பெரியவரே. ஐயாவுக்குக் கண் பார்வையே கிடையாது; கொக்கோட ஒவ்வொரு இறகையும் விரலால எண்ண முடியறது உங்க ஜாடியில மட்டும்தானாம்!"