வஞ்சிரம் வாசனைச் சோப்பு

செய்தே பார்க்காத வேலையை எப்படிச் செய்வது என்று ஊருக்கே எழுதிச் சொல்லலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். நாளிதழ் இணைப்பில் உதவி ஆசிரியராக இருந்தபோது நான் அப்படித்தான் மாடித் தோட்டம் போட்டேன், முருங்கைப் பொடி இடித்தேன், கைக்குழந்தை வளர்த்தேன். (அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.) கல்யாணத்துக்குப் பிறகு எழுதியது, வீட்டிலேயே துணி சோப்பு செய்யும் முறை.

அதைப் படித்துவிட்டு என் மனைவி செல்வி கேட்டாள்: "நீ என்னிக்காவது சோப்பு காய்ச்சிக்கிறியா?"

"இல்லை."

"துணியாவது தோச்சிக்கிறியா?"

இரண்டாவது கேள்விதான் சுட்டது. காய்ச்சியே தீருவது என்று முடிவு செய்தேன்.

அப்போது கவரைப்பேட்டையில் குடியிருந்தோம். செல்விக்குத் தேர்வாய் கண்டிகையில், மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கே வெள்ளைக் கோட்டு கட்டாயம். லைன் லீடர் பதவிக்கு அவள் பெயர் போயிருந்தது. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் லீடராகி அவளையே வேலை ஏவிக்கொண்டிருந்த சமயம். இதையும் விட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று தெரியாது. நேர்முகத் தேர்வுக்கு அவள் போட்டுப் போகும் கோட்டு என் சோப்பில் பளிச்சிட வேண்டும் என்பது என் சபதம். அவள் கேட்கவே இல்லை.

காஸ்டிக் சோடா கும்மிடிப்பூண்டியில் கிடைத்தது. பழைய எண்ணெயே போதும் என்று என் கட்டுரை சொன்னதால் எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் போனேன். ரயில் நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் மீன் வறுத்து விற்பவர்.

"மீன் வறுத்த எண்ண தம்பி. கவுச்சி அடிக்கும்."

"காஸ்டிக் எல்லாத்தையும் எடுத்துடும்க்கா."

"எட்த்துடுமா? யாரு சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருக்கு." (போட்டவன் பெயரைச் சொல்லவில்லை.)

கண்ணுக்குப் பாதுகாப்பாக ஹெல்மெட், கைக்கு உறை, உடம்புக்கு மழைக்கோட்டு. சுள்ளென்ற வெயிலில் அப்படிப் பின்கட்டில் இறங்கினேன். ஸ்டெல்லா அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இன்னாபா, ராக்கெட் உடப் போறியா?"

குண்டானில் தண்ணீர் ஊற்றிக் காஸ்டிக்கைக் கொட்டினேன். அடுப்பே இல்லாமல் அது கொதித்தது. சீறியது. கறுப்பாக நுரைத்துக்கொண்டு தரைக்கு இறங்கியது. அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது என்ற வரி மூலக் குறிப்பில் இருந்தது. கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று வந்ததால் அந்த வரியை வெட்டியவன் நான்.

"எங்கம்மா சீர் குட்த்த குண்டான்யா அது!" என்று செல்வி கத்தினாள். அவசரத்தில் அதை எங்கிருந்து எடுத்தேன் என்றே கவனித்திருக்கவில்லை.

சாதாரண மனிதன் அத்துடன் நிறுத்தியிருப்பான். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் வாளியுடன் இறங்கினேன். இட்லி மாவு பதம் வரும்வரை, தோள்பட்டை கழன்று வாளிக்குள் விழுந்துவிடும்போலக் கிளறினேன். எலுமிச்சை எசன்ஸ் ஒரு பாட்டில் ஊற்றினேன். பழைய டிபன் பாக்ஸ்களில் வார்த்து, கட்டிலுக்கு அடியில் வாரக்கணக்கில் காயவிட்டேன். செங்கல் நிறத்தில், செங்கல் கனத்தில் சோப்பு தயார்.

நேர்முகத் தேர்வுக்கு முந்தைய நாள் செல்வியிடம் இருந்த இரண்டு கோட்டுகளையும் நானே துவைத்தேன். அப்படியொரு வெள்ளை! காலையில் அவள் இஸ்திரி போட்டு, முகர்ந்து பார்த்து, "பரவால்லியே" என்றாள். எலுமிச்சைதான் அடித்தது. கம்பெனி வேனில் ஏறிப் போனாள்.

மிச்சத்தை மாலையில் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சன்னல் சாத்திய வேனில் உடம்புச் சூடு ஏற ஏற எலுமிச்சை இறங்கிப் போய்விட்டது. பின்சீட்டிலிருந்து ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "எவடி அவ, காலங்காத்தால வஞ்சிரம் எட்தாந்துகிறது?" எல்லோருடைய சாப்பாட்டுப் பையையும் சோதித்திருக்கிறார்கள். பைகளில் தயிர் சாதமும் லெமன் சாதமும்தான் இருந்தன. அப்போதுதான் செல்வி தன் கைமடிப்பை முகர்ந்து பார்த்திருக்கிறாள். மாற்றுக் கோட்டும் அதே சோப்பில் குளித்தது.

தேர்வு அறையில் ஏசி வேறு. மேனேஜர் மூக்கைச் சுளித்து, "இன்னிக்கு கேன்டீன்ல மீனா?" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். அவள், "இல்ல சார், என் கோட்டு" என்றாள்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். எந்தப் பொருளில் குறை வந்தாலும் 'ஏன், ஏன்' என்று கேட்டுக்கொண்டே போய், குறையின் அடிவேரைப் பிடித்துப் பலகையில் எழுத வேண்டும். அதற்கு ரூட் காஸ் என்று பெயர். மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகையைக் காட்டினார். "எங்க, இதுக்கு எழுதுங்க பார்ப்போம்."

செல்வி எழுந்து போய் எழுதினாள். கோட்டில் ஏன் மீன் வாசனை? சோப்பில் மீன் வறுத்த எண்ணெய். ஏன்? சோப்பு கடையில் வாங்கியதல்ல, கணவர் செய்தது. ஏன் செய்தார்? பேப்பரில் படித்தார். பேப்பரில் ஏன் வந்தது? அவரே எழுதினார். அடியில் கோடு போட்டு முடித்தாள்: ரூட் காஸ் – கணவர்.

"சரி, இதுக்கு நிரந்தரத் தீர்வு?"

"சோப்ப கடைல வாங்கிக்கலாம் சார். ரூட் காஸ மாத்த முடியாது, கல்யாணம் ஆயிப்போச்சு."

பதவி கிடைத்தது.

இன்று அவள் சூப்பர்வைசர். புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள்தான் பயிற்சி கொடுக்கிறாள். அந்த உதாரணத்தையே இன்னும் எழுதிக் காட்டுகிறாள். சென்ற ஆண்டு தொழிற்சாலையின் குடும்ப விழாவுக்கு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பத்திரிகைக்காரன் என்ற மிடுக்கோடு போயிருந்தேன். வாசலில் நின்ற பெண் என்னையும் செல்வியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"ஏய், எல்லாம் வாங்கடி! ரூட் காஸ் வந்துகிறாரு!"