கோழிக்கூட்டுக்கு நிலை வைத்தவர்

வாசலை முதலில் வைத்துவிட்டு வீட்டைப் பிறகு யோசிக்கும் ஓர் இனம் நம் நடுவே உலாவுகிறது, வாசகரே. கண்டுபிடிப்பது சுலபம். மின்சாரம் வராத வீட்டின் முகட்டில் மின்விசிறிக்குக் கொளுக்கி மாட்டியிருப்பார். கிணறு வெட்டுவதற்கு முன்பே கப்பி வாங்கி, அது துருப்பிடிக்காமல் இருக்க வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் போடுவார். நல்ல யன்னல் ஒன்று கிடைத்துவிட்டதே என்று குசினியின் பின்சுவரை இடித்துவிட்டு, யன்னலைக் கட்டிலுக்குக் கீழே பத்திரப்படுத்துவார். கேட்டுப் பாருங்கள். "மிச்சம் சின்ன வேலைதான்" என்பார்.

லிங்கநகரில் எங்கள் பின்வேலிக்காரர் யோகலிங்கம் அண்ணர் இந்த இனத்தில் முதல் தரம். துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். அங்கே ஓர் ஆணி குறைந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் ஒரு சுவர் குறைவதுதான் கண்ணில் படுவதில்லை.

அவர் மனைவி பூரணி அக்காவிடம் ஆறு பேடுகளும் ஒரு சேவலும் இருந்தன. இருட்டுப்பட்டால் எல்லாம் முருங்கையில் ஏறிவிடும். ஆனால் குஞ்சு மரம் ஏறுமா? அடைகிடக்கிற பேடுதான் ஏறுமா? அந்த வருடம் இரண்டு முறை அடைவைத்துப் பொரித்த குஞ்சுகளையும் கீரி கொண்டுபோயிருந்தது. மூன்றாவதாகக் கழுத்துமொட்டைப் பேடு பதினொரு முட்டையில் உட்கார்ந்த அன்று அக்கா சொல்லிவிட்டார்.

"இஞ்சேருங்கோ, இருபத்தொரு நாள் இருக்கு. அதுக்குள்ள கூடு வேணும். இந்தக் குஞ்சுகளும் போச்சுதெண்டா நான் கோழியே வளர்க்கமாட்டன்."

"ஓம், ஓம். இண்டைக்கே சாமான் எடுக்கிறன்."

எடுத்தார். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப்போய்ப் பதினைந்து வருடமாகியும் திருகோணமலையில் அவனுடைய தட்டுமுட்டுகள் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. அன்று பின்னேரம் தள்ளுவண்டியில் வந்து இறங்கியது ஒரு கப்பல் கதவு. முழுத் தேக்கு. பித்தளைக் கைபிடி, வட்டக் கண்ணாடி, பெரிய பூட்டு. நாலு பேர் பிடித்து இறக்கினோம்.

சரி, கதவு வந்துவிட்டது. பலகை அடிப்பாரா? மாட்டார். நிலை வைப்பார்! நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நிலைக்கடியில் நவதானியம் போட்டு, முற்றத்தின் நடுவே கதவை நட்டார். தேங்காய் உடைத்துத் திரும்புவதற்குள் கோழிகள் கிண்டி நவதானியத்தைத் தின்றுவிட்டன.

"பாத்தியே தம்பி, குடியிருக்கப் போறதுகளே வந்து பிரசாதம் எடுக்குதுகள்."

கிண்ணியாவிலிருந்து தச்சு வேலைக்கு வரும் ஜவாஹிர் நானா அந்தக் கதவைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இது கோழிக்கோ, கப்பல் கப்டனுக்கோ?"

"பகிடி விடாதைங்கோ நானா. கதவுக்கேத்த சுவர் வேணும்."

"நாலு பலகை தாங்கோ. பின்னேர அஸர் தொழுகைக்குள்ள அடிச்சுத் தாறன்."

"பலகையோ? ஏலாது. தம்பி பட்டதாரி, அவர் படம் கீறட்டும்."

பட்டதாரி நான்தான். எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். மூன்று படம் கீறினேன். சேவலுக்குத் தனி அறை வேண்டுமா என்று நாங்கள் இருவரும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை விவாதித்தோம். எனக்கு அப்போது சந்தேகமே வரவில்லை. ஏன் வரவில்லை? பிறகு சொல்கிறேன்.

இதற்கிடையில் அண்ணர் பொழுதுபட்டதும் கதவைத் திறந்து "பா, பா, பா" என்று கோழிகளைக் கூப்பிடுவார். அவை வரிசையாக நிலையைக் கடந்து, மறுபக்கத்தால் வெளியேறி, முருங்கையில் ஏறும். அவர் கதவைச் சாத்திப் பூட்டி, இழுத்துப் பார்த்து, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கப் போவார். ஒருநாள் நான் கதவுக்குப் பக்கத்தால் வந்துவிட்டேன்.

"தம்பி, வாசல் இருக்க ஏன் சுவரால வாறாய்?"

மன்னிப்புக் கேட்டேன்.

இருபதாம் நாள் பொழுதுபட, கதவுக்குப் பின்னால் ஓலைக் கடகத்தில் அடைகிடந்த பேடு கத்தியது. கீரி! அண்ணர் பாய்ந்து வந்தார். நேரே கதவுக்கு. திறப்பை இடுப்பில் தேடினார், எடுத்தார், பூட்டில் போட்டார், திருப்பினார். அதற்குள் பூரணி அக்கா சுற்றிக்கொண்டு ஓடிப்போய் ஈர்க்குமாறால் கீரியை அடித்துத் துரத்திவிட்டார். சேவல்? கதவின் உச்சியில் நின்று கூவிக்கொண்டிருந்தது.

மூன்று முட்டை போய்விட்டது. எட்டு மிச்சம். அக்கா கடகத்தோடு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய குசினிக்குத்தான் பின்சுவர் இல்லையே.

"தம்பி, உன்ர சூட்கேசைத் தா."

பட்டச் சோதனை முடிவு வந்த வாரமே வாங்கிய தோல் சூட்கேஸ். நியமனக் கடிதம் வந்த அன்றே புறப்பட வேண்டுமல்லவா? மூடியில் என் பெயரும், பின்னால் பி.ஏ. என்றும் வெள்ளைப் பூச்சால் எழுதியிருந்தேன். உள்ளே ஒரு கழுத்துப்பட்டி. இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை துடைத்து வந்தேன். எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்று இப்போது விளங்குகிறதா?

"அக்கா, அது வேலைக்குப் போக..."

"வேலை வரட்டும், கதைப்பம். இப்ப கோழிக்கு அவசரம்."

என் அறையில், சுவரில் மாட்டிய என் பட்டத்துக்குக் கீழே, என் கழுத்துப்பட்டியின் மேல், மறுநாள் எட்டுக் குஞ்சும் பொரித்தன. அக்கா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எண்ணினார். பிறகும் ஒருமுறை எண்ணினார்.

அண்ணர் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஜவாஹிர் நானாவை அழைத்ததும் அக்காதான். அஸருக்குள் கூடு முடிந்தது: நாலு கட்டை, பெட்டிப் பலகை, கொஞ்சம் கம்பிவலை. கூரை? கதவுதான். நாலு பேர் பிடிக்க, கழற்றிப் படுக்கவைத்துவிட்டார் நானா. எந்தக் கீரி அதைத் தூக்கும்?

அண்ணர் வந்து வாய்பிளந்து நின்றார். "ஆர் என்ர வாசலைப் படுக்க வைச்சது?"

"நான்தான். ஏன், உள்ளுக்குப் போகப் போறீங்களோ?" என்றார் அக்கா.

அண்ணர் கூட்டைச் சுற்றி வந்தார். கூரையிலிருந்த பித்தளைக் கைபிடியைத் தடவினார். முகம் மெல்ல மலர்ந்தது. "கைபிடி மேலயெண்டா ஏறித் திறக்க ஒரு படிக்கட்டு வேணும். மிச்சம் சின்ன வேலைதான். தம்பி, ஒரு படம் கீறு."

கீறினேனா என்று கேட்காதீர்கள்.

சூட்கேஸ் திரும்பி வந்துவிட்டது. மூடி திறந்திருந்தால் இப்போதும் ஒரு பேடு வந்து முட்டையிட்டுவிட்டுப் போகிறது. மற்றபடி அதில் வைக்க எதுவும் வரவில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் இடுப்பை ஒருமுறை தடவிப் பாருங்கள். திறப்பு ஏதும் தட்டுப்பட்டால், கதவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.