பதினோரு சான்றிதழும் ஒரே ஒரு வரியும்

பாவாவின் ஜெராக்ஸ் கடையில் ஒரு பெரியவர், விண்ணப்பப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்தை எங்கே போடுவது என்று கேட்டார். இந்த உலகத்துக்கு நான் தேவைப்படுகிறேன் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிடத்தில்தான்.

படிவத்தில் கையெழுத்துக்கு இடமே இல்லை. ஏ4 தாளைவிட நீளமான லீகல் ஷீட்டின் கடைசி இரண்டு அங்குலத்தை பிரிண்டர் விழுங்கியிருந்தது. பாவா (அக்கா வீட்டுக்காரர், கடை திருத்தணி பஸ் ஸ்டாண்ட் பக்கம்) பிரிண்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கடைக் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றியவள் நான். இனி வைரஸே வராது என்று அடித்துச் சொன்னவளும் நான். (வைரஸ் வரவில்லை. கடைசி இரண்டு அங்குலமும் வரவில்லை.)

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன் ஹேமா. அப்பவும் இப்படியே கட் ஆயிகினு இருந்தா பழைய சிஸ்டத்தையே ஏத்திடுவேன். கஸ்டமருங்க இன்னா, டேபிள் மேலயா கையெழுத்து போடுவாங்க?"

அந்த சிஸ்டத்தின் புரோகிராமை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். இரண்டு நாள் படித்தேன். எங்கள் பிரிண்டருக்கான காகித அளவுப் பட்டியலில் லீகல் ஷீட்டே இல்லை; எதைச் செருகினாலும் ஏ4 என்றே நினைத்துக்கொள்கிறது. ஒரே ஒரு வரி சேர்த்தேன், முழுசாக அச்சானது. ஆனால் அடுத்த அப்டேட் வந்தால் என் வரி அழிந்துவிடும். அந்தத் தன்னார்வலர்கள் அதை ஏற்றுக்கொண்டால்தான் நிலைக்கும்.

யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்று அவர்களுடைய இணையப் பக்கத்தில் எழுதியிருந்தது. நான் நம்பவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் சான்றிதழ் கொடுக்காமல் எதிலும் சேர்ந்ததில்லை. பால்வாடியில் சேரவே எனக்கு இரண்டு கேட்டார்கள். ஆகவே அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு ஒரு விண்ணப்பம் தயாரித்தேன். பத்தாவது மார்க் ஷீட் முதல் சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் வரை மொத்தம் பதினொன்று. அட்டெஸ்டேஷன் வாங்க கால்நடை டாக்டரிடம் போனேன். பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, பர்மனென்ட் வேலையா என்று கேட்டார். சம்பளமே கிடையாது சார் என்றேன். தீவனம் எடுக்காத ஆட்டைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் சேர்த்து, புதன்கிழமை அனுப்பினேன். அது ஒரு ஆபீசருக்குப் போகும் முகவரி என்று நினைத்திருந்தேன். ஆனால் அது எல்லாத் தன்னார்வலர்களுக்கும் போகும் பொது முகவரி. வருவதெல்லாம் என்றென்றைக்கும் இணையத்தில் இருக்கும். பத்தாவதில் நான் சமூக அறிவியலில் வாங்கிய நாற்பத்தொன்று இன்று ஐந்து கண்டங்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பதில் வந்தது. ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர், ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் எழுதியிருந்தார். உங்கள் நன்னடத்தையில் எங்களுக்குச் சந்தேகமில்லை. திருத்தம் எங்கே?

பதினோரு சான்றிதழ் இணைத்தவள், அந்த ஒரு வரியை இணைக்கவில்லை.

அக்கா சிரித்த சிரிப்பில் பாவா கடை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் அந்த வரியை மட்டும் அனுப்பினேன். அது ஏன் தேவை என்று அந்தக் குளிர் நாட்டுக்காரர் விளக்கம் கேட்டார். கையெழுத்துப் போட இடமில்லாமல் நின்ற பெரியவரைப் பற்றி எழுதினேன். வெள்ளிக்கிழமை கடை திறக்கும்போது பதில் இருந்தது: ஏற்றுக்கொள்ளப்பட்டது, நன்றி. கீழே என் பெயர்.

பாவா ஒரு லீகல் ஷீட் படிவத்தை அச்சடித்து, கடைசி வரியில் தன் கையெழுத்தைப் போட்டு, என்னிடம் நீட்டினார்.

"இந்தா, வச்சிக்கோ. நம்ம பிரிண்டர் மாதிரி வேற எவன்கிட்ட இருந்தாலும் இனிமே உன் வரிலதான் ஓடும்."

இன்றைக்கும் நான் கடைக்குக் கிளம்பினால்கூட, நன்னடத்தைச் சான்றிதழை எடுத்துக்கொண்டாயா என்று அக்கா கேட்காமல் விடுவதில்லை. கேட்கட்டும். கடை வெப்கேமரா இந்த சிஸ்டத்தில் எல்லோர் முகத்தையும் பச்சையாகக் காட்டுகிறது. அதற்கான புரோகிராம் நாலாயிரம் வரி. நான் முன்னூறாவது வரியில் இருக்கிறேன்.