அஞ்சுவகை மாமாவும் கதவுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பேனாவை எடுப்பேன், பொறாமை வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட ஒரு மனுஷனைப் பற்றி வயிற்றெரிச்சலோடு எழுதினால் அல்லாஹ்வுக்குப் பொறுக்குமா என்று பயம். கடைசியில், எரிச்சலையும் மறைக்காமல் எழுதிவிடுவது என்று முடிவு செய்து பிஸ்மி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

மட்டாஞ்சேரியிலேயே, ஏன், கொச்சி ராஜ்யம் முழுக்கத் தேடினாலும், படித்த படிப்பை அஞ்சுவகை மாமா மாதிரி வீணாக்காமல் செலவழித்த ஆள் கிடைக்கமாட்டான். இன்டர்மீடியட்டில் கெமிஸ்ட்ரியில் திரும்பத் திரும்பத் தோற்று, எங்கள் சந்து முனையில் சோடாக் கடை போட்டவர் அவர். மொத்தப் புத்தகத்திலும் அவர் மண்டையில் தங்கியது ஒரே ஒரு பாடம். பொருளும் பொருளும் சந்தித்தால் என்னென்ன நடக்கும் என்கிற பாடம். அந்த ஒன்றுக்குள்ளேயே உலகத்தை மடித்து வைத்துவிட்டார்.

"ஒலகத்துல நடக்கிறது அஞ்சே காரியம்தான், கேட்டோ" என்பார். சேர்றது, பிரியுறது, ஒருத்தனைத் தள்ளிட்டு இன்னொருத்தன் உக்கார்றது, ரெண்டு ஜோடி ஆள் மாத்திக்கிறது, எரியுறது. ஆறாவதாக ஒன்றைக் காட்டுகிறவனுக்கு ஆயுசு முழுக்க சோடா சும்மா. ஒருத்தனும் குடித்ததில்லை. யாரோ தும்மலைக் காட்டினான். பிரியுறது என்று சொல்லிவிட்டு மாமா பாட்டில் கழுவப் போய்விட்டார்.

ரமலானுக்கு முன்னால் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிப்பது எங்கள் சந்துக்காரர்களின் வேலை. விடியற்காலை சுபுஹு தொழுத கையோடு சுவரைச் சுரண்டி வைத்தவன் நான். மாமா வந்தது வெயில் ஏறின பிறகு. சுண்ணாம்புக்காகச் சுட்ட சிப்பியில் தண்ணீர் ஊற்றினதும் தொட்டி கொதித்தது. அவர் பேச ஆரம்பித்துவிட்டார். சுடும்போது இது பிரிந்தது, இப்போது தண்ணீரோடு சேர்கிறது, பிரிந்து தனியாக நின்றவன் சேரும்போது இவ்வளவு சூடு இருக்கத்தான் செய்யும் என்றார். தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ஒரு பெரியவர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் முழங்கையில் சுண்ணாம்பு தெறித்துத் தோல் உரிந்ததை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொரு சமயம் மயில்துத்தம் என்கிற நீலச் செம்பு உப்பைக் கரைத்த தண்ணீரில் யாருடைய பாக்குவெட்டியையோ முக்கி எடுத்தார். கறுப்பு இரும்பு, செம்பு நிறத்தில் பளபளத்தது. இரும்பு எழுந்துபோச்சு, செம்பு உட்கார்ந்தாச்சு, இது மூன்றாம் வகை என்றார். மறுநாள் சந்தில் இருந்த இரும்பெல்லாம் அவர் கடை வாசலில் கிடந்தது. எங்கள் அம்மா அரிவாள்மணையைச் சுமந்துகொண்டு போனார்கள். நான் சாணை பிடித்துக் கொடுத்த அரிவாள்மணை அது. அதற்கு ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை. சில நாளில் செம்பு உரிந்துபோனது. பெண்கள் திட்டிக்கொண்டு வந்தார்கள். தள்ளிவிட்டு உட்கார்ந்தவன் எத்தனை நாள் நிலைப்பான் என்று அவர்களிடமே திருப்பிக் கேட்டு, அதற்கும் பாராட்டு வாங்கிக்கொண்டார்.

இதெல்லாம் போகட்டும். என் கல்யாணத்துக்கு வருகிறேன்.

எங்களில் அப்போது பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வழக்கம் உண்டு. பக்கத்துத் தெருவில் ஒரு மிளகு வியாபாரி வீடு. அவர் மகனுக்கு என் தங்கை, அவர் மகள் ஜைனபா எனக்கு. சுக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் மூட்டை பிரிக்கிற எனக்கு இதைவிட நல்ல இடம் வராது. தங்கைக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. பேசி முடிக்க அவர்கள் வீட்டுக்குப் போனோம். பெண்கள் உள்ளே, கதவுக்குப் பின்னால். ஜைனபாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்து, யார் வீட்டு நிக்காஹ் முதலில் என்ற இடத்தில் பேச்சு முட்டிக்கொண்டது. முதலில் பெண்ணைக் கொடுத்துவிட்டால், மற்ற வீடு அப்புறம் கைவிரித்துவிடுமோ என்று இரண்டு பக்கமும் பயம். எங்களைப் பெற்ற அத்தா முறைத்தார். மிளகுக்காரர் தாடியைத் தடவினார். சாயா ஆறிப்போய் ஆடை கட்டியது. அத்தா செருப்பைத் தேட எழுந்துவிட்டார். தங்கை வாழ்வும் என் வாழ்வும் அந்தச் செருப்புக்குள் போகப்போகிறது என்று நான் உள்ளுக்குள் ஸலவாத்து ஓதினேன்.

அந்த நேரம் விருந்துக்குச் சொல்லியிருந்த சோடாப் பெட்டியைச் சுமந்துகொண்டு மாமா நுழைந்தார். விஷயத்தைக் கேட்டார். பெட்டியை இறக்கி வைத்தார்.

"இது நாலாவது வகையாக்கும். ரெண்டு தெளிஞ்ச தண்ணியை ஒரே கிளாஸ்ல ஊத்தணும். இங்க உள்ளது அங்க போகும், அங்க உள்ளது இங்க வரும். ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தி நடக்காது ராவுத்தரே. ஒரே மஜ்லிஸ், ஒரே சபை, ஒரே நேரம், ரெண்டு நிக்காஹ்."

அத்தா நின்ற இடத்திலேயே நின்றார். மிளகுக்காரருக்கு இன்னும் சந்தேகம். "மாத்தினது திரும்பி வந்துட்டா?"

"வராது. கலந்ததும் ஒண்ணு கட்டியா அடியில போயி உக்காந்துரும். அது உக்காந்துட்டாப் பிறகு எதுவும் திரும்பாது."

"எங்க ரெண்டு வீட்டுலயும் அப்படி உக்கார்றது யாரு?"

"வேற யாரு, ரெண்டு மாமியாரும்தான். அவங்க உக்காந்துட்டா எழுப்ப யாருக்குத் தைரியம்?"

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. யாரோ அதட்டினார்கள், அடங்கவில்லை. தொண்டை அடைத்து, இருமி, மறுபடி சிரித்தது. அதட்டினவர்கள் பேர் சொன்னதில் அது ஜைனபா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தா செருப்பை விட்டுவிட்டு உட்கார்ந்தார். என் கல்யாணம் நிச்சயமானது. என் மனைவியாகப் போகிறவளின் முதல் சிரிப்பு, சோடா விற்கிறவனுக்குப் போனது.

ஒரே மஜ்லிஸில் இரண்டு நிக்காஹும் நடந்தது. ஜைனபா நல்லவள். தொழுகை தவறமாட்டாள், கறி வைத்தால் கை மணக்கும். ஆனால் என் பேச்சுக்கு அப்படிச் சிரித்ததில்லை. நானும் முயன்றேன். ஒருநாள் பால் பொங்கியபோது, பார்த்தாயா, பிரிகிறது என்றேன். "அது பொங்குறது. மாமா கிட்டக் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

பெருநாளுக்கு அவர் சோடா கொண்டுவருவார். இவள் கதவுக்குப் பின்னால் நின்று, ஊறுகாய் எந்த வகை, துருப்பிடித்த ஆணி எந்த வகை என்று கேட்பாள். அவர் சொல்வார், இவள் சிரிப்பாள். ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு மாமா என் காதோரம் குனிந்தார். "என்ன மாப்ளே, உள்ள அஞ்சாவது வகை ஓடுதா? காத்துப் படுற வரைக்கும்தான் எரியும். வாயை மூடிட்டு இரு, தானா அணையும்." நானும் மூடித்தான் பார்த்தேன். அணையவில்லை.

அவர் மவுத்தானபோது கபுருக்கு மூன்று கைப்பிடி மண் போட்டு வந்தேன். ஜைனபா அன்றைக்கு அழுத அழுகைக்கும் எனக்குப் பொறாமை வந்தது. இப்போது எங்களுக்குப் பேச அதிகம் மிச்சமில்லை. வீடு ரொம்ப ஓய்ந்து கிடந்தால் நானே அவர் பேச்சை எடுக்கிறேன். அவள் இருமி இருமிச் சிரிக்கிறாள்.

இதைப் படித்தவர்கள் யாரிடமாவது சொன்னால், இருக்கிறபடியே சொல்லுங்கள். அவரைப் பெரிய ஞானி ஆக்கவேண்டாம், கிறுக்கன் ஆக்கவும் வேண்டாம். என் பொறாமையையும் குறைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் அவருக்காக துஆ கேட்கும்போது அதுவும் கூடவேதான் வருகிறது.